ஒரு ஏக்கரும் அதன் மேல் ஆகாயமும்

3 மார்ச் 2025, திங்கள்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய் நர்ஸ் சொல்லிவிட்டாள். உன் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்தை சொல்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார், எல்லாவற்றையும் எழுதி வை, இரண்டு மாதம் கழித்து வரும்போது கொண்டு வா என்று. சரி, எழுதிவிட்டால் போகிறது. பள்ளிக்கூடக் கேன்டீனில் இருபது வருஷம் சட்டி கழுவிய கைக்குப் பேனா பிடிக்கவும் தெரியும்.

இன்று பேசியது: தண்ணி (மூன்று தடவை). ஆமா. லா. கோஸ்தான்.

பக்கவாதம் வந்து பதினேழு மாதம். முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனுஷனுக்குப் பெண்டாட்டி பேர் வாயில் வரவில்லை, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லும் கோஸ்தான் மட்டும் வருகிறது. நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமென்றால், இந்த ஊர்ப் பேச்சுக்கு வால் வைக்கும் லாவையும் சேர்த்து, "கோஸ்தான் லா" என்கிறார். சிரிப்பதா அழுவதா?

பத்து மணிக்குக் குளிக்க வைத்தேன். உள்ளே இருக்கும் பாத்ரூமில் படி உயரம், நாற்காலி நுழையாது. அதனால் வீட்டுக்குப் பின்னால், மூன்று பக்கம் தகரம் அடித்த சிமெண்டுத் தரைதான் எங்கள் குளியலறை. மேலே கூரை கிடையாது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்குக் கூரை போட்ட குளியலறை கொஞ்சம் சந்தேகமான சாமான்தான். வெயில் முதுகில் பட்டால் இவர் முகம் தெளிகிறது. ஒரு நாளில் இவர் சிரிப்பது அந்த அரை மணி நேரம்தான்.

இன்று குளிக்கும்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். பெரிய வண்டு மாதிரி. அண்ணாந்து பார்த்தால் டிரோன். பக்கத்து எஸ்டேட்டில் செம்பனையெல்லாம் தள்ளிவிட்டு வீடு கட்டப் போகிறார்களே, அதற்கு அளக்கிறார்கள் போல. பலா மரத்துக்கும் கீழே இறங்கி வந்து அப்படியே நின்றது. கோழியை விரட்டுகிற மாதிரி, தண்ணிக் கப்போடு கையை ஆட்டி "ச்சூ, போ" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

4 மார்ச்

தண்ணி. ஆமா. சோறு. சோறு புதுசு! தட்டில் இட்லி இருந்தது என்பது வேறு விஷயம்.

9 மார்ச், ஞாயிறு

கோயிலில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புடவை கிழிந்திருக்கிறதோ என்று பின்னால் தடவிப் பார்த்தேன். கடைசியில் எங்கள் சந்து முனையில் இருக்கும் மயிலம்மாள் அக்காதான் கையைப் பிடித்து இழுத்தார். "அடியே திலகா, நீ பெரிய ஆளாயிட்டே! வைரல் ஆயிட்டே!" என்று போனை நீட்டினார்.

வீடு கட்டும் கம்பெனியின் விளம்பரம். பச்சை, ஆறு, மாடு, பிறகு மேலேயிருந்து மெதுவாக இறங்கி ஒரு தகரத் தடுப்புக்குள். நான். மார்பு வரை கட்டிய கைலி, தோள் முழுக்க ஈரம். கீழே இவர் பிளாஸ்டிக் நாற்காலியில், இடுப்பில் ஒரு துண்டு. நான் இவர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்புறம் அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டுகிறேன். அதற்குப் பின்னணியில் வயலின். 'அன்பு வாழும் மண்ணில் உங்கள் புது வீடு' என்று மலாயில் எழுத்து வருகிறது.

கீழே ஆயிரக்கணக்கான பேர் சிவப்பு இதயம் போட்டிருக்கிறார்கள். இதுதான் உண்மையான அன்பு என்று. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனைவியா என்று. ஒரு சீனப் பெண் அழுகிற முகம் போட்டிருக்கிறாள்.

போனை அக்கா கையில் திணித்தேன். பூஜை முடியும் முன்பே வந்துவிட்டேன்.

10 மார்ச்

ரஜனி ஜொகூரிலிருந்து போன் பண்ணினாள். என் மகளாவது திட்டுவாள் என்று பார்த்தால், "அம்மா, ரொம்ப அழகா இருக்குலா. ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டாங்க. மொகங்கூட சரியா தெரியல, எதுக்கு டென்ஷன்?"

அடிப் பாவி. உன் அப்பாவின் உடம்பு தெரிகிறதே. எலும்பும் தோலுமாய், சுருண்ட வலது கையோடு. ஒரு காலத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய லோரிக்குத் தனியாளாகக் கேன்வாஸ் போட்டுக் கட்டின ஆள். அவரை இப்படி ஊர் முழுக்கப் பார்க்கணுமா?

நான் ஒளித்து வைத்து என்ன பிரயோஜனம்? சாயந்திரம் மயிலம்மாள் அக்கா பலகாரத்தோடு வந்து, நான் காப்பி கலக்கி வருவதற்குள் இவரிடமே காட்டிவிட்டார். இவர் இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மூடு."

புது வார்த்தை. பதினேழு மாதத்தில் முதல் தடவை. நான் அப்போது அக்காவிடம் கத்திக்கொண்டிருந்தேன், ஏன் காட்டினீங்க என்று. வாயை மூடு என்கிறார்.

முப்பத்தோரு வருஷத்தில் என்னை இவர் அப்படிச் சொன்னதில்லை. நான் வாயாடி என்று எங்கள் லாபு ஊர் முழுக்கத் தெரியும். இவருக்கும் தெரியும். சொன்னதில்லை.

11 மார்ச்

குளிக்க வர மாட்டேன் என்கிறார். கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் வழக்கம்போலக் கைலி கட்டிக்கொண்டு வந்து நின்றால், "மூடு. மூடு."

நான் ஒன்றும் பேசக்கூட இல்லையே?

துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். சோறு இல்லை, லா இல்லை, கோஸ்தான் இல்லை.

13 மார்ச், வியாழன்

விளம்பரம் போட்ட கம்பெனி ஆபீசுக்குப் போனேன். இவரைத் தனியாக விட முடியாது, மயிலம்மாள் அக்கா மருமகனின் வேனில் தள்ளு நாற்காலியோடு கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கட்டடம், உள்ளே பொம்மை வீடுகள். சுகுமாறன் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை, டை கட்டி, நல்ல மரியாதை.

"ஆண்ட்டி! நீங்கதானா அது? எங்க பாஸ் ஒங்கள பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"எடுங்க அந்த வீடியோவ. எங்க எடத்துக்குள்ள வந்து எடுத்திருக்கீங்க."

"எடத்துக்குள்ள வரல ஆண்ட்டி, மேலதான் வந்துச்சு."

"மேலன்னா? அது யார் எடம்?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிப்பது போல. "நீங்களே கை காட்டினீங்களே ஆண்ட்டி. ஹலோ சொன்னீங்க. பாருங்க." பெரிய டிவியில் போட்டான். சுவர் முழுக்க நான். வீடு பார்க்க வந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது.

"அது ஹலோ இல்லடா, வெரட்டுனேன்! கோழிய வெரட்டுற மாதிரி!"

"மூடு!" என்று இவர் கத்தினார். எல்லார் முன்னாலும். சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான், எனக்காக வெட்கப்பட்டு. கிளம்பும்போது, கம்பெனி ஒரு புது மோட்டார் தள்ளு நாற்காலி தரத் தயார், ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். உன் நாற்காலியை நீயே வைத்துக்கொள் என்று வந்துவிட்டேன்.

வேனில் அழுதேன். என் பக்கம் பேசத்தானே போனேன்? இவருக்காகத்தானே போனேன்? என்னை ஏன் அடக்குகிறார்?

17 மார்ச், திங்கள்

போலீஸ் ஸ்டேசன். நாலு மணி நேரம் காத்திருந்தோம். முதலில் ஒருவர் வீடியோவைப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிப்போய் இன்னொருவர். அவர் கூப்பிட்டு இன்னும் இரண்டு பேர். "எங்கே, அந்த இடத்தைத் திரும்பப் போடுங்கள்" என்கிறார்கள். நானும் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினேன், இதோ இவ்வளவு கீழே, இதோ பலா மரம், இதோ என் கை என்று. ரிப்போர்ட் எழுதிக்கொண்டார்கள். வீடியோவின் நகலும் வாங்கிக்கொண்டார்கள். அடித்தார்களா, திருடினார்களா, வேலிக்குள் கால் வைத்தார்களா என்று கேட்டார்கள். இல்லை. அப்புறம் என்ன என்கிற மாதிரி பார்த்தார்கள்.

இவர் பேசியது: மூடு. ஐந்து தடவை. எழுதவே கை கூசுகிறது.

19 மார்ச்

நில அலுவலகம். கெரானை, அதாவது நிலப் பத்திரத்தை, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். எஸ்டேட்டை விற்றபோது லயத்தைக் காலி பண்ணச் சொல்லிக் கொடுத்த காசையும் இவர் சேமநிதியையும் போட்டு வாங்கிய ஒரு ஏக்கர். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. என் அப்பா செத்தபோது அவர் பெயரில் ஒரு ஆணிகூட இல்லை.

அதிகாரி நல்ல மனுஷன். கெரானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீளம் இருக்கு, அகலம் இருக்கு அம்மா. உயரம் எழுதலையே" என்றார் மலாயில். கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே தேடினார். வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார், மேலிடத்தில் காட்டுவதற்கு. அனுப்பினேன்.

மூடு.

ஒருநாளும் விளையாட்டாகக்கூட என்னை "சும்மா இரு" என்று சொல்லாத மனுஷன்.

25 மார்ச்

குளித்துப் பதினைந்து நாள். வெயில் பார்த்தும் பதினைந்து நாள். அந்த அறையில்தான் படுக்கை, சாப்பாடு, எல்லாம். ஜன்னலையும் சாத்தச் சொல்லிக் கை காட்டுகிறார்.

31 மார்ச்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். எல்லா ஆபீசும் மூடியிருக்கிறது. நல்லது, எனக்கும் ஓய்வு.

3 ஏப்ரல், வியாழன்

ரஜனியின் சிநேகிதி சொல்லி, ரஹாங்கில் குமுதினி என்ற லாயரிடம் போனோம். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்காக வந்த குடும்பமாம், சுவரில் வரிசையாகப் படங்கள். அந்தக் காலத்து எஸ்டேட் கிராணி ஆபீசுக்குள் நிற்கிற மாதிரி கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் இந்தப் பெண் என் பேச்சை முழுசாகக் கேட்டாள். இந்த ஒரு மாதத்தில் முழுசாகக் கேட்ட முதல் ஆள்.

"மிஸஸ் மூர்த்தி, நிலம் ஒங்களுதுன்னா அதுக்கு மேல இருக்கிற ஆகாயமும் ஒங்களுதுதான். சட்டத்துல இருக்கு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவர் கணேசமூர்த்தி, ஒரு ஏக்கர் மண்ணும் அதன் மேல் ஆகாயமும் உடையவர்!

"எவ்வளவு ஒயரம்மா?"

"அதுதான் பிரச்சினை. நிலத்தை அனுபவிக்க 'முனாசபா'வா எவ்வளவு தேவையோ, அவ்வளவு."

முனாசபா. நியாயமான அளவு. ஒரு மனுஷனைக் குளிப்பாட்ட எவ்வளவு ஆகாயம் நியாயம்? அதைக் கோர்ட்டில்தான் பேச வேண்டுமாம். அதற்கு வீடியோ, அதைப் பார்த்தவர்களின் சாட்சி, அது எத்தனை இடத்தில் போயிருக்கிறது, எல்லாம் வேண்டும். தன் உதவியாளரை அழைத்து இருவரும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பெரிய திரையில். நான் ஒவ்வொன்றாக விளக்கினேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு "மூடு, மூடு, மூடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குமுதினி இவரைப் பார்த்து, "பேசட்டும் சார், பரவாயில்ல, அவங்க நல்லாத்தான் பேசுறாங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

6 ஏப்ரல், ஞாயிறு

டிரோன் எவ்வளவு கீழே வந்தது என்று அளந்து வரச் சொன்னாள் குமுதினி. ஏணி எட்டவில்லை. மூங்கிலோடு மூங்கிலைக் கட்டிப் பலா மரத்தில் சார்த்தி, மயிலம்மாள் அக்கா கீழே பிடித்துக்கொள்ள, நான் பாதி மரம் ஏறினேன். ஐம்பத்து நாலு வயதில்! அக்கா கீழிருந்து, "அடியே, விழுந்து தொலச்சேன்னா அந்த மனுசன யாரு பாத்துக்குவா?" என்று ஒரே ஒப்பாரி. முப்பது அடி, கொஞ்சம் கூடக் குறைய.

எங்கள் ஆகாயம் குறைந்தது முப்பது அடி. எழுதி வைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்து இவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். இன்று சாயந்திரம் எங்கள் இருவருக்கும் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம், சிறந்த தம்பதி என்று. திரையில் அந்த வீடியோவைப் போட்டு, அப்புறம் மேடைக்கு அழைப்பார்களாம்.

வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினேன். என்ன பேசினேன் என்று எழுத முடியாது. இனி அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியுமா என்று தெரியவில்லை.

"நல்லதுக்குத்தானேமா செய்யறோம்" என்றார் அண்ணன், போகும்போது. எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தராவது கெட்ட எண்ணத்தோடு பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

22 ஏப்ரல்

கம்பெனி வீடியோவை எடுத்துவிட்டதாம். குமுதினி சந்தோஷமாகப் போன் பண்ணினாள். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பாட்டையெல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அன்னையர் தினத்துக்குக்கூட ஒருவன் இப்போதே போட்டுவிட்டான். நான் என்ன இவருக்கு அம்மாவா?

வழக்கு நடக்கும் என்கிறாள். நடக்கட்டும்.

இன்று இவர் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். பவுடர் போட்டேன்.

29 ஏப்ரல்

சிவப்பு இல்லை, புண். கையளவு. வாடை வருகிறது. குளிக்காத உடம்பு, சாத்திய ஜன்னல். கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். வெளியே மட்டும் வர மாட்டேன் என்கிறார்.

மூடு.

நான் உனக்கு என்னய்யா பாவம் பண்ணுனேன்? ஒன் பீ மூத்திரம் அள்ளுறேன், ஒனக்காக ஊரெல்லாம் சண்ட போடுறேன், மரம் ஏறுறேன். இதுக்கு நீ எனக்குக் குடுக்கறது இந்த ஒரு வார்த்தையா? இருந்த வார்த்தையெல்லாம் போச்சு, இது ஒண்ணுதான் மிச்சமா?

6 மே, செவ்வாய்

ஆஸ்பத்திரி. முதலில் டாக்டர். புண்ணைப் பார்த்து முகம் மாறினார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார வைக்கிறாய் என்று கேட்டார். வீட்டில் இல்லை டாக்டர், ஆபீஸ் ஆபீசாகப் போனோம், நாலு மணி நேரம், மூன்று மணி நேரம் என்றேன். எழுதிக்கொண்டார்.

அப்புறம் பேச்சுப் பயிற்சி நர்ஸ். இந்த நோட்டைத் திறந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணி, சோறு என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். மார்ச் பத்திலிருந்து வெறும் மூடு, மூடு, மூடு.

"மூடுன்னா என்ன அர்த்தம்?"

எனக்குச் சொல்லவே வெட்கம். "தியாம்" என்றேன். பேசாமல் இரு என்று.

அவள் எழுதப்போனாள். தப்பாக எழுதினால் மருந்து மாறிவிடுமோ என்று ஒரு பயம். சரியாகச் சொல்லிவிடுவோம் என்று, "தியாம்னு அர்த்தம் வரும், ஆனா அந்தச் சொல்லு மட்டும்னா... துத்துப்" என்றேன். கதவை மூடு, பானையை மூடு என்கிற மூடு.

அவள் பேனாவை நிறுத்தினாள். "துத்துப்? துத்துப் ஆபா?"

எதை மூட?

வாயை என்று சொல்லப் போனேன். எதை மூடச் சொன்னார்? வாயை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாயை என்று சேர்த்துக்கொண்டது நான்.

நோட்டைத் திருப்பினேன். பதினொன்றாம் தேதி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, கைலியோடு நின்றேன், தோள் தெரிய. விளம்பர ஆபீசில், சுவர் முழுக்க நான் இருந்தபோது. போலீஸ் ஸ்டேசனில் நாலு ஆண்கள் குனிந்து பார்த்தபோது, என் விரலே அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியபோது. நில அலுவலகத்தில். ரஹாங்கில்.

அங்கேயே, நர்ஸ் பார்க்க, இவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "என்னங்க. என்னையா? என்னையா மூடச் சொன்னீங்க?"

இடது கையை நீட்டினார். என் முந்தானை நுனியைப் பிடித்து, தோள் மேல் இழுத்துப் போட்டார். அது வழுக்கி விழுந்தது. மறுபடியும் எடுத்துப் போட்டார்.

"ஆமா" என்றார்.

நர்ஸ் வெளியே போய்விட்டாள்.

நான் நினைத்தேன் இவருக்குத் தன் உடம்பு வெட்கம் என்று. தன்னைப் பற்றி இவர் நினைக்கவே இல்லை. குளிக்க வந்தால் நான் கைலி கட்டுவேன், வெளியே வந்தால் என்னைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் அந்த மனுஷன் அழுக்கோடு கிடந்திருக்கிறார். வெயிலை விட்டுவிட்டார். புண் வர விட்டுவிட்டார். நான் பேயாட்டம் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு, எவனெவன் பார்க்கவில்லையோ அவனுக்கெல்லாம் தேடிப் போய்க் காட்டியிருக்கிறேன். இவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்து.

8 மே

கொடுத்த வீடியோவையெல்லாம் திரும்ப வாங்கப் போனேன், தனியாக. இவரை மயிலம்மாள் அக்கா பார்த்துக்கொண்டார்.

போலீஸ் ஸ்டேசனில், ஃபைலில் சேர்ந்தது சேர்ந்ததுதான் என்றார்கள். நில அலுவலகத்து அதிகாரி மேலே அனுப்பிவிட்டேன், மேலே யாரிடம் இருக்கிறது என்று தெரியாது என்றார். பாவம், மன்னிப்பும் கேட்டார்.

குமுதினி மட்டும் பென் டிரைவைக் கையில் கொடுத்தாள். "மிஸஸ் மூர்த்தி, நல்ல கேஸ். நாம ஜெயிச்சா ஒங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் ஒரு வழி பிறக்கும். யோசிங்க."

யோசித்துவிட்டேன் என்றேன். ஜெயிக்க வேண்டுமென்றால் கோர்ட்டில் போட்டுக் காட்டணும். நீதிபதி பார்க்கணும், அவங்க லாயர் பார்க்கணும், நான் கூண்டில் நின்று ஆமாம் இது நான்தான் என்று சொல்லணும். எங்கள் ஆகாயம் எங்களுக்கு வேண்டுமென்றால் அதற்குக் கீழே இருப்பதை எல்லாருக்கும் காட்டணும். வேணாம்மா.

அவள் சண்டை போடவில்லை. லிப்ட் வரைக்கும் வந்தாள்.

9 மே

கழுத்து வரை பொத்தான் போட்ட பழைய கேன்டீன் சட்டையும் பேண்டும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். இவர் மேலிருந்து கீழே பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்புத்தான்.

அறைக்குள்ளேயே பெரிய பிளாஸ்டிக் விரித்து, கதவைச் சாத்தி, வாளியில் வெந்நீர் கொண்டு வந்து குளிப்பாட்டினேன். தலைக்கு. இரண்டு மாதத்து அழுக்கு. தடுக்கவில்லை.

இன்று பேசியது: தண்ணி. போதும். லா.

24 மே

காய்ச்சல். புண் எலும்பு வரை போயிருக்கிறதாம்.

28 மே

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ரஜனி வந்துவிட்டாள். அப்பா முதுகைப் பார்த்ததிலிருந்து என்னோடு பேசவில்லை, பிறகு பேசினாள், பிறகு இருவரும் அழுதோம். அந்த வீடியோவை அவளும் நாலு பேருக்கு அனுப்பினாளாம்.

5 ஜூன்

வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

வெயிலையாவது உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கணும் நான்.

15 ஜூன், ஞாயிறு

பதினொன்றாம் தேதி காலை எட்டே காலுக்குப் போய்விட்டார். ரஜனி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

பத்து மணிக்கெல்லாம் கூடாரம் போட்டாகிவிட்டது. முனியாண்டி அண்ணன் பழசையெல்லாம் மறந்துவிட்டு வந்து முன்னால் நின்று எல்லா வேலையும் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நீர்மாலை எடுத்து வந்து, வாசலில் பெஞ்சு போட்டு, குளிப்பாட்ட வெளியே தூக்கலாம் என்றார்.

நான் கதவை மறித்து நின்றுகொண்டேன். வெளியே வேணாம் என்றேன். நானும் என் மகளும் உள்ளேயே குளிப்பாட்டிக்கொள்கிறோம்.

"என்னம்மா இது, வழக்கமில்லாத வழக்கம்? பொம்பளைங்க நீங்க ரெண்டு பேரு எப்படி? ஆம்பளைங்க நாங்க இருக்கோம், ஊரு பாத்துக்கிட்டு இருக்கு."

"அதனாலதாண்ணே."

அண்ணன் நீர்மாலைச் செம்பை என் கையில் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் பேசினார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு குரல். மயிலம்மாள் அக்கா யாரையோ அதட்டியது கேட்டது.

கதவைச் சாத்தினோம். ரஜனி வாளியில் தண்ணீர் கொண்டு வந்தாள், நீர்மாலைச் செம்பை அதில் ஊற்றினோம். எண்ணெய், சீயக்காய். நான் தலையைத் தாங்கிக்கொள்ள அவள் ஊற்றினாள். அப்பாவின் வலது கையை அவள்தான் மெதுவாக நீட்டி விட்டாள், இருபது மாதம் சுருண்டிருந்த கை சுலபமாக நீண்டது. அவசரப்படவில்லை. ஒரு இடம் விடாமல் கழுவினோம், புண்ணையும். பிறகு வேட்டி கட்டி, சட்டை போட்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டினோம்.

அத்தனை தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? கட்டிலுக்கு அடியில் ஓடி, கதவிடுக்கு வழியாக வெளியே போய்விட்டது. வெளியே நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள் என்று மயிலம்மாள் அக்கா பிறகு சொன்னார்.